சொன்ன கூலியும் சொல்லாத கூலியும்

சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம் என்பது நம் முன்னோர் மொழி. சந்தைக்குப் போய்வந்த அனுபவத்திலே பிறந்த வார்த்தை இது. காயின் விலையை வியாபாரி முதலிலேயே சொல்லிவிடுவான். சுமந்து வருபவன் கேட்கும் கூலியோ சுமை வீட்டு வாசலில் இறங்கிய பின்னரே தெரியவரும். அன்று சந்தையிலே நடந்த இந்தச் சங்கதி, இன்று கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே இரவில் ஓடும் சொகுசு பஸ் வண்டிகளிலே நாள்தோறும் நடந்து வருகின்றது.

சென்ற தை மாதம் உறவினர் வீட்டு மங்கல காரியம் ஒன்றின் பொருட்டு நாம் யாழ்ப்பாணம் செல்ல நேர்ந்தது. புகையிரதத்தில் ஆசனம் கிடைக்கவில்லை. வெள்ளவத்தையிலுள்ள ஆசனப் பதிவு நிலையம் ஒன்றைத் தொலைபேசியில் அழைத்தோம். "2,800 ரூபா ஐயா. ஏசி வண்டி. இரவு எட்டரைக்கு வெளிக்கிடும்" என்று இனிய குரல் ஒன்று பதில் சொல்லிற்று. இதற்கு மேல் ஏதேனும் கொடுக்க வேண்டுமோ என்று நாம் கேட்கவில்லை. அந்தக் குரலும் சொல்லவில்லை.

பணத்தை அனுப்ப முற்பட்டபோது பதிவுச் செலவு என்று 150 ரூபா சேர்ந்தது. பிரயாண நாளன்று நிலையத்துக்குச் சென்றால், எமக்குக் கடைசி வரிசையிலேதான் இடம் என்றும், நடுவிலே வேண்டுமாயின் இன்னும் 200 ரூபா என்றும் கூறினார்கள். முதுகு வலியுள்ள நாம் மறுபேச்சின்றிக் கொடுத்தோம். வண்டி வந்தது. எமது கைப்பெட்டியை அடித்தட்டிலே வைத்த உதவியாள் அதற்கு 400 ரூபா கேட்டார். ஆக, 2,800 ரூபா என்ற பிரயாணம் 3,550 ரூபாவாக முடிந்தது. சொன்ன கூலியிலே நாலில் ஒரு பங்குக்கு மேல் சொல்லாத கூலி.

இந்த 750 ரூபாவினால் நாம் வறியவராகிவிடவில்லை. அன்றிரவு எம் கண்ணெதிரே நிகழ்ந்த வேறொன்றே இதனை எழுதத் தூண்டியது.

எமக்கு முன்னாசனத்திலே ஒரு மாணவன் இருந்தான். வயது இருபதுக்கு மேல் இராது. பரீட்சை முடிந்து ஊர் திரும்புகின்றான் என்பது அவன் தாயாருடன் தொலைபேசியிலே பேசியதிலிருந்து தெரிந்தது. பரந்தன் சந்தியில் இறங்கி, முல்லைத்தீவு வீதியால் விசுவமடுவுக்குப் போகவேண்டியவன். புத்தகங்கள் நிறைந்த கனத்த அட்டைப்பெட்டி ஒன்று அவனுடையது. அதனை அடித்தட்டிலே ஏற்றும்போது ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. வண்டி நீர்கொழும்பைத் தாண்டிய பின்னர் நடத்துநர் அவனிடம் வந்தார்.

"தம்பி, பெட்டிக்கு 600 ரூபா."

"புக் பண்ணேக்கை ஒருதரும் சொல்லேல்லையே அண்ணை. பரந்தனிலை இறங்கிறதுக்கும் யாழ்ப்பாணக் காசுதான் குடுத்தனான்."

"எல்லாரிட்டையும் அப்பிடித்தான் வாங்கிறது."

"முதலே சொல்லியிருக்கலாமே அண்ணை?"

"முதலே சொன்னா ஆர் தம்பி இந்த வண்டியிலை ஏறுவினம்?"

பக்கத்திலிருந்த இரண்டொருவர் சிரித்தனர். மாணவன் சட்டைப்பையிலிருந்து மடித்து வைத்திருந்த தாள்களை எடுத்தான். 700 ரூபா இருந்தது. அறுநூறைக் கொடுத்து, எஞ்சிய நூறு ரூபாத் தாளை மீண்டும் மடித்துப் பையிலே வைத்தான். சந்தியிலிருந்து வீட்டுக்கு முச்சக்கர வண்டியிலே செல்ல வைத்திருந்த பணம் அது. சற்று நேரத்தின் பின் தாயாரிடம் மீண்டும் பேசி, "விடிஞ்சாப்போலை பஸ்ஸிலை வாறன் அம்மா, நீங்கள் முழிச்சிருக்க வேண்டாம்" என்றான்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டு நாம் யாது செய்தோம்? போர்வையை இழுத்து மூடிக்கொண்டோம். நமக்கேன் வீண் வம்பு என்று எண்ணினோம். அதிகாலை நாலு மணியளவில் வண்டி நின்ற அதிர்ச்சியிலே கண் விழித்துப் பார்த்தபோது, பூட்டிய கடையொன்றின் தாழ்வாரத்திலே தன் புத்தகப் பெட்டியின் மேல் அவன் தனியே அமர்ந்திருந்தான். வண்டி புறப்பட்டது. அன்று முழுவதும் மங்கல வீட்டிலே எமக்கு மனம் பொருந்தவில்லை.

அந்த நடத்துநரைக் கொடியவர் என்று நாம் சொல்ல வரவில்லை. அவரும் இரவிரவாகக் கண்விழித்து, முதலாளிக்குக் கணக்குக் காட்டவேண்டிய ஒரு குடும்பஸ்தர். ஆயினும், அவர் விளையாட்டாகச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்திலே இந்த வியாபாரத்தின் இரகசியம் முழுவதும் அடங்கியிருக்கின்றது. முதலே சொன்னால் ஒருவரும் ஏறமாட்டார். ஆகையினால் ஏறிய பின்னர் சொல்ல வேண்டும்.

எப்பொழுது சொல்லுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஆசனம் பதியும்போது சொன்னால் நாம் வேறு வண்டியைத் தேடலாம். புறப்படுமிடத்திலே சொன்னால், சண்டை பிடித்தாவது பொதியைக் குறைத்துக்கொள்ளலாம். நடுவழியில், இருட்டிலே, பெட்டி அடித்தட்டிலே அகப்பட்டிருக்கும் வேளையில் சொன்னால் நாம் என்ன செய்ய முடியும்? இறங்கிப் போகவா முடியும்? மறுப்பதற்கு வழியில்லாத வேளை பார்த்து வாங்கும் பணத்துக்குக் கட்டணம் என்ற பெயர் பொருந்துமா என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

பொதிக்குக் கூலி வாங்குவதே பிழையென்று நாம் வாதாடவில்லை. பொதி இடத்தை அடைக்கின்றது. பாரம் கூடினால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகின்றது. ஆசனப் பதிவு நிலையத்துக்கும் வாடகை உண்டு, சம்பளம் உண்டு. இவற்றுக்காக 300 ரூபாவோ 600 ரூபாவோ வேண்டுமென்றால், அதனை முதலிலே சொல்லிவிட்டு வாங்குவதிலே குற்றமில்லை. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் கொள்வதிலும் கொடுப்பதிலும் நடுவு பிறழாமல், விலையை வெளிப்படச் சொல்லி விற்றார்கள் என்று பட்டினப்பாலை அவர்களைப் போற்றுகின்றது. இலாபம் பெற்றதற்காக ஒருவரும் அவர்களை ஏசவில்லை.

மறைத்து வாங்குவதனால் பிரயாணிகள் மாத்திரமே நட்டமடைகின்றனர் என்று நினைத்தலும் பிழையாகும். இரண்டு முதலாளிகள் இருக்கின்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் எல்லாம் அடங்க 3,300 ரூபா என்று உள்ளதைச் சொல்லுகிறார். மற்றவர் 2,800 ரூபா என்று சொல்லி, வழியிலே 750 ரூபா சேர்த்து வாங்குகிறார். தொலைபேசியிலே விசாரிப்பவர்கள் எவரிடம் போவார்கள்? உண்மை சொன்னவருடைய வண்டியிலே ஆசனங்கள் வெறுமையாய்க் கிடக்கும். சில மாதங்களில் அவரும் தமது விலையை இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைக்கப் பழகிவிடுவார். நேர்மையாளருக்குத் தண்டனையும் மறைப்பவருக்குப் பரிசும் கொடுக்கும் சந்தை நாளடைவில் எல்லோரையும் ஒரே வழிக்கு இழுத்துச் செல்லும்.

சொல்லாத கூலிகள் இன்னும் பல உண்டு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பள்ளிக்கூட விடுமுறைக்கும் கட்டணம் தானாகவே உயர்ந்துவிடும். நள்ளிரவிலே வண்டி நிற்கும் தேநீர்க் கடையைத் தெரிவு செய்பவர் சாரதி. விலையைக் கொடுப்பவர் நாம். 'சில்லறை இல்லை, பிறகு தருகிறேன்' என்ற மீதிப் பணம் யாழ்ப்பாணப் பஸ் நிலையத்திலே மறந்து போய்விடும். குளிரூட்டி இயங்காவிட்டாலோ அதற்காகக் கூடுதலாக வாங்கிய பணத்தில் ஒரு சதமும் திரும்பி வராது.

இவற்றைப் பற்றி முறையிடலாம் என்று எண்ணினால், அதுவும் ஒரு தனிப் பிரயாணமாகிவிடுகின்றது. ஊர் சேர்ந்த மறுநாள் நாம் எமது பற்றுச்சீட்டிலிருந்த இலக்கத்தை அழைத்தோம். மூன்று முறை ஒருவரும் எடுக்கவில்லை. நாலாம் முறை எடுத்தவர், "நாங்கள் ஆசனம் மட்டுந்தான் பதிகிறது, பொதிக் காசு வண்டிக்காரரின் விஷயம்" என்றார். வண்டிக்காரரின் இலக்கத்தைக் கேட்டு வாங்கி அழைத்தால், "அது நடத்துநரோடை கதைக்க வேணும்" என்றார்கள். நடத்துநரோ அன்றிரவு வேறு வண்டியிலே வேறு ஊருக்குப் போயிருந்தார். பணம் வாங்கும்போது மூவரும் ஒரே கையாயிருந்தார்கள். பதில் சொல்லும் வேளையிலே மூவரும் ஒருவரையொருவர் அறியாத அந்நியரானார்கள். எமது கோபமும் மூன்றாம் அழைப்போடு களைத்துப் போயிற்று. பெரும்பாலானோருடைய கோபம் இவ்விதமே முடிகின்றது போலும்.

இத்தனைக்கும் நாம் ஏன் வாய் திறவாமல் கொடுத்துப் பழகினோம்? இதற்கு ஒரு வரலாறு உண்டு. வடபகுதிப் புகையிரதப் பாதை 1905இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிற்று. 1958 ஜனவரி 1ஆம் திகதி பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டு, இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. புகையிரதச் சீட்டிலும் பஸ் சீட்டிலும் அச்சிட்ட தொகை எதுவோ அதுவே கட்டணம் என்பது அந்தத் தலைமுறையின் பழக்கம். பின்னர் 1970களின் இறுதியிலே தனியார் வண்டிகளுக்கு மீண்டும் வழி திறந்தது.

அதன்பின் வந்தது போர்க்காலம். 1990இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது. கிளாலிக் கடல்நீரேரியைப் படகிலே கடந்து போனவர்கள் உண்டு. 2002இல் திறந்த ஏ-9 வீதி 2006 ஆகஸ்டிலே மீண்டும் மூடப்பட்டபோது, திருகோணமலையிலிருந்து கப்பலேறுவதற்குக் காத்துக் கிடந்தவர்கள் உண்டு. அக்காலத்திலே என்ன கேட்டார்களோ அதனைக் கொடுத்தோம். போய்ச் சேர்ந்தாற் போதும் என்றிருந்தோம். கேள்வி கேட்டால் இடம் கிடையாமற் போகும் என்ற அச்சம் எலும்பிலே ஊறிவிட்டது. 2009இல் போர் முடிந்தது. 2014 ஒக்டோபரிலே யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதமும் திரும்பி வந்தது. வீதி திறந்துவிட்டது. எமது வாய் மாத்திரம் இன்னும் திறக்கவில்லை. போர்க்காலத்திலே பிறந்திராத பிள்ளைகளும் எம்மைப் பார்த்தே இந்த மௌனத்தைப் பழகிக்கொள்கின்றார்கள்.

இது நம் நாட்டுக்கு மாத்திரம் உரிய நோயன்று. பிறநாடுகளிலும் இது உண்டு; அங்கே சட்டம் குறுக்கிட்டிருக்கின்றது. ஐரோப்பிய ஒன்றியத்திலே 2013 மார்ச் முதலாக பஸ் பிரயாணிகளின் உரிமைகள் பற்றிய ஒழுங்குவிதி நடைமுறையில் இருக்கின்றது. 250 கிலோமீற்றரும் அதற்கு மேலும் ஓடும் சேவைகளில், புறப்பாடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலோ, சேவை இரத்தானாலோ, பணத்தைத் திரும்பப் பெறுவதா, வேறு வழியிலே பிரயாணத்தைத் தொடர்வதா என்று பிரயாணியே தெரிவு செய்யலாம். அந்தத் தெரிவைக் கொடுக்கத் தவறிய நிறுவனம், சீட்டு விலையின் பாதியை நட்டஈடாகவும் கொடுக்கவேண்டும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். இந்த வழி அங்கே இருந்திருப்பின் இதற்கும் அவ்விதி செல்லும். பிரித்தானியாவிலோ, கட்டாயமாகக் கொடுக்கவேண்டிய எந்தச் செலவையும் முதலிற் காட்டும் விலையிலேயே சேர்த்துச் சொல்லவேண்டும் என்று 2024இல் இயற்றப்பட்ட சட்டம் பணிக்கின்றது. 2025 ஏப்ரல் முதல் அது நடைமுறைக்கு வந்திருக்கின்றது.

நம் நாட்டிலும் வழியே இல்லை என்று சொல்வதற்கில்லை. மாகாணங்களுக்கிடையே ஓடும் தனியார் வண்டிகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது, 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. அதற்கு முறையிடுவதற்கான தொலைபேசி இலக்கம் 1955. மக்களை மயக்கும் வியாபார நடத்தையை விலக்கும் சட்டம் ஒன்றும் 2003ஆம் ஆண்டு முதல் உண்டு. கேட்டவருக்குப் பற்றுச்சீட்டுக் கொடுக்கவேண்டியது வியாபாரியின் கடமை என்றும் அச்சட்டம் கூறுகின்றது. அதன்படி அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977. முறையிடும்போது வண்டியின் இலக்கம், பிரயாண நாள், நேரம், கொடுத்த தொகை, கையிலுள்ள பற்றுச்சீட்டு ஆகிய ஐந்தும் இருத்தல் வேண்டும். இவை இல்லாத முறைப்பாடு காற்றிலே சொன்ன கதையாகிவிடும்.

முறைப்பாட்டிலும் மேலானது முன்கூட்டிய கேள்வி. ஆசனம் பதியும்போது மூன்று வினாக்களைக் கேட்க வேண்டும் என்று மாணவர்களுக்கு, சிறப்பாக வீட்டை விட்டு வெளியூரிலே படிக்கும் பிள்ளைகளுக்கு, நாம் சொல்ல விரும்புகின்றோம். நான் இறங்கும் ஊர் வரைக்கும் எல்லாம் அடங்க எவ்வளவு? எத்தனை பொதிகளைக் காசின்றிக் கொண்டுவரலாம்? வண்டி ஓடாவிட்டால் பணத்தைத் திருப்பித் தருபவர் யார்? விடையைச் சீட்டிலே எழுதித் தரும்படி, அல்லது கைத்தொலைபேசிக்குச் செய்தியாக அனுப்பும்படி கேட்கவேண்டும். கேட்பதிலே மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. 'அண்ணை', 'அக்கா' என்று பணிவாகவே கேட்கலாம்.

பஸ் முதலாளிகளுக்கும் ஒரு விண்ணப்பம். பதிவு நிலையத்துச் சுவரிலே ஒரு பலகை மாட்டுங்கள். கட்டணம் இவ்வளவு, இடையூர்களுக்கு இவ்வளவு, பொதிக்கு இவ்வளவு என்று கொட்டை எழுத்திலே எழுதிவையுங்கள். பலகைக்கு ஆகும் செலவு இரண்டு பொதிகளின் கூலிக்கு மேல் வராது. இருளிலே கைவிளக்குடன் வந்து பணம் கேட்கும் சங்கடத்திலிருந்து உங்கள் நடத்துநர்களும் தப்பிக்கொள்வார்கள்.

திரும்பி வருகையிலே இதனை நாமே செய்து பார்த்தோம். யாழ்ப்பாணத்திலே வேறொரு பதிவு நிலையத்துக்கு நேரிற் சென்று, "பிள்ளை, ஒரு பெட்டியோடை வெள்ளவத்தை மட்டும் எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேட்டோம். மேசையிலிருந்த பெண் எம்மைச் சற்றே வியப்புடன் பார்த்தார். பின்னர் கணக்குப் போட்டு, "3,200 ரூபா ஐயா" என்றார். சீட்டின் பின்புறத்திலே அதனை எழுதிக் கையொப்பமிடும்படி கேட்டபோது, சிறிது தயங்கி, உள்ளே ஒருவரைக் கேட்டு வந்து எழுதித் தந்தார். இரவு, கிளிநொச்சியை அண்மித்தபோது நடத்துநர் பொதிக்காசு கேட்டு வந்தார். சீட்டைத் திருப்பிக் காட்டினோம். வாசித்துவிட்டு, "சரி ஐயா" என்று சொல்லி அடுத்த ஆசனத்துக்குப் போனார். சண்டையுமில்லை, சத்தமுமில்லை. அடுத்த ஆசனத்திலிருந்த அம்மையார், "உப்பிடி எழுதித் தருவினமோ? எனக்குத் தெரியாமல் போச்சே" என்றார்.

இவ்வளவு சிறிய காரியந்தான். போகும்போது எமக்கு இது தெரியாமலில்லை. செய்ய மனம் எழவில்லை, அவ்வளவே. முன்னாசனத்துப் பிள்ளைக்காக, "தம்பியிட்டை முதலே சொல்லேல்லைத்தானே, விடுங்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பக்கத்திலிருந்தவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள். எம்மோடு சேர்ந்து இன்னும் இருவராவது பேசியிருப்பார்கள் என்றே இப்பொழுது தோன்றுகின்றது. அந்த ஒரு வார்த்தையை நாம் அவனுக்குக் கடன்பட்டிருக்கின்றோம். அடுத்த பிரயாணத்திலே முன்னாசனத்தில் யார் இருந்தாலும் அதனைத் தீர்ப்பதாக உறுதி கொண்டுள்ளோம்.